மண்ணின் மைந்தர்கள் மட்டும்: அத்லெட்டிக் பில்பாவோவின் நூற்றாண்டுச் சோதனை

ஸ்பெயினின் லா லிகா கால்பந்துத் தொடர் 1929-ல் தொடங்கியது. அன்றிலிருந்து ஒருமுறைகூட இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காத அணிகள் மூன்றுதான். ரியல் மாட்ரிட், பார்சிலோனா என்ற முதல் இரண்டு பெயர்களையும் கால்பந்து பார்க்கும் யாரும் உடனே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது பெயர் அவ்வளவு எளிதில் நினைவுக்கு வராது. அது பில்பாவோ நகரத்தின் அத்லெட்டிக் கிளப்.

மாட்ரிட்டும் பார்சிலோனாவும் உலகெங்கும் தேடி, கோடிகளைக் கொட்டி வீரர்களை வாங்குகின்றன. அத்லெட்டிக் அப்படி வாங்குவதில்லை. ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கு மூலையிலுமாகப் பரவியிருக்கும் பாஸ்க் நிலத்தில் பிறந்தவர்கள், அல்லது அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர்கள் மட்டுமே அதன் சட்டையை அணிய முடியும். ஏழு மாநிலங்கள், சுமார் 30 லட்சம் மக்கள். அந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே நின்று 8 லீக் பட்டங்களையும் 24 ஸ்பானியக் கோப்பைகளையும் அது வென்றிருக்கிறது. 1902-ல் வென்ற கோப்பையையும் சேர்த்து 25 என்பது கிளப்பின் கணக்கு.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக இது எப்படிச் சாத்தியமானது, இதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது, 'நம்மவர்' என்ற எல்லையை யார் எப்படி வரைந்தார்கள் என்ற மூன்று கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த அணியின் வரலாறு பிடிபடும்.

கப்பலில் வந்த ஆட்டம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பில்பாவோ ஒரு தொழில் நகரம். சுற்றியிருந்த மலைகளில் வெட்டிய இரும்புத்தாது கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. அங்கிருந்து நிலக்கரி வந்தது. கப்பல் கட்டும் தளங்களிலும் சுரங்கங்களிலும் வேலை செய்ய வந்த ஆங்கிலேயர்கள் பந்தையும் கொண்டுவந்தார்கள். லாமியாகோ என்ற இடத்தின் குதிரைப் பந்தயத் திடலில் அவர்கள் ஆடுவதை உள்ளூர் இளைஞர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு எதிர்த்து ஆடினார்கள். இன்னொரு பக்கம், பிரிட்டனுக்குப் படிக்கப் போன பில்பாவோ பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கால்பந்துப் பித்தோடு ஊர் திரும்பினார்கள். இந்த இரண்டு ஓடைகளும் சேர்ந்ததில் 1898-ல் பிறந்ததுதான் அத்லெட்டிக். பெயரின் எழுத்தே ஆங்கிலம். சிவப்பு வெள்ளைக் கோடுகளும் 1910 வாக்கில் சவுத்தாம்டனிலிருந்து வாங்கிவந்த சட்டைகளிலிருந்து வந்தவை. 1903-ல் மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் தொடங்கிய கிளைதான் இன்றைய அத்லெட்டிகோ மாட்ரிட்.

ஆங்கிலப் பெயரும் ஆங்கிலச் சட்டையும் கொண்ட அணி, வெளியாட்களை வேண்டாம் என்று சொன்னதன் பின்னணியில் ஒரு தகராறு இருக்கிறது. 1911 கோப்பைப் போட்டியில் அத்லெட்டிக் ஆங்கிலேய வீரர்களை ஆடவிட்டதை எதிரணிகள் ஆட்சேபித்தன. அண்டை ஊரான சான் செபாஸ்தியானின் ரியல் சோசியேதாத் அதில் முன்னால் நின்றது. வெளிநாட்டவர் ஆடக் கூடாது என்று அடுத்து விதி வந்தது. அந்த விதி பின்னாளில் மற்றவர்களுக்குத் தளர்ந்தபோதும் அத்லெட்டிக் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து வந்த கட்டாயம் உள்ளூர்ப் பெருமையாக மாறியது. வீரர்களுக்கு மட்டுமே இந்த எல்லை. பயிற்சியாளர்கள் எந்த நாட்டிலிருந்தும் வரலாம், வந்தார்கள்.

பிச்சிச்சி

1913 ஆகஸ்ட் 21 அன்று சான் மாமேஸ் மைதானம் திறக்கப்பட்டது. மாமேஸ் என்ற கிறிஸ்தவப் புனிதரைச் சிங்கங்களின் முன்னால் எறிந்தபோது அவை அவரைத் தீண்டவில்லை என்பது ஐதிகம். மைதானத்தின் அருகே அந்தப் புனிதரின் பெயரில் ஒரு தேவாலயம் இருந்ததால் மைதானத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. அணி வீரர்களுக்குச் 'சிங்கங்கள்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. ரசிகர்கள் அந்த மைதானத்தைப் பேராலயம் என்றே அழைப்பார்கள்.

அங்கே முதல் கோலை அடித்தவர் ரஃபாயேல் மொரேனோ அரன்சாதி. ஊர் முழுக்க அவரைப் பிச்சிச்சி என்றது. ஐந்தடிக்குச் சற்றே மேற்பட்ட உயரம், மெலிந்த உடல், தலையில் கட்டிய வெள்ளைத் துணி. தத்துவ எழுத்தாளர் மிகெல் தே உனாமுனோவின் உறவுக்காரர். 1915 கோப்பை இறுதியாட்டத்தில் எஸ்பன்யோல் அணிக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஸ்பெயின் அணியிலும் இருந்தார். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற சிறிது காலத்தில், 1922 மார்ச் முதல் நாள், டைஃபஸ் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. வயது 29.

அவருடைய மார்பளவுச் சிலை 1926-லிருந்து சான் மாமேஸில் இருக்கிறது. அந்த மைதானத்துக்கு முதன்முறையாக வரும் எதிரணியின் கேப்டன் சிலைக்கு மலர்க்கொத்து வைத்துவிட்டுத்தான் ஆட இறங்குவார். லா லிகாவில் ஒரு பருவத்தின் அதிக கோல் அடிப்பவருக்கு 'மார்க்கா' பத்திரிகை தரும் விருதின் பெயரும் பிச்சிச்சிதான். மெஸ்ஸியும் ரொனால்டோவும் போட்டி போட்டு வென்ற பரிசு, லா லிகா தொடங்குவதற்கு முன்பே மறைந்துவிட்ட ஒரு பில்பாவோ இளைஞனின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

பென்ட்லாண்டின் தொப்பி

அடுத்த பத்தாண்டுகளில் அணியின் ஆட்டத்தையே மாற்றியவர் ஃபிரெட் பென்ட்லாண்ட் என்ற ஆங்கிலேயர். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியின் ரூலெபன் சிறைமுகாமில் அடைபட்டிருந்தவர். சுருட்டும் வட்டத் தொப்பியுமாகத் திரிவார். பெரிய வெற்றி கிடைத்தால் வீரர்கள் அந்தத் தொப்பியைப் பறித்துக் காலில் போட்டு மிதித்து நசுக்குவார்கள். அதனால் அவருக்கு அடிக்கடி புதுத் தொப்பி தேவைப்பட்டது. பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் பழைய பாணியை விட்டு, குறுகிய பாஸ்களில் பந்தை நகர்த்தக் கற்றுக்கொடுத்தார்.

விளைவு, 1929-30 பருவத்தில் 18 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் அத்லெட்டிக் லீக் பட்டம் வென்றது. மறு ஆண்டும் பட்டம். 1930 முதல் 1933 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள். 1931 பிப்ரவரியில் பார்சிலோனாவை 12-1 என்று வீழ்த்தியது. பாட்டா என்ற வீரர் ஒருவரே அதில் ஏழு கோல் அடித்தார். பார்சிலோனாவின் லீக் வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி இன்றுவரை இல்லை. 1934-லும் 1936-லும் மேலும் இரண்டு பட்டங்கள் வந்தன.

அந்தப் பொற்காலத்தை ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் அறுத்துப்போட்டது.

போரும் பெயர் மாற்றமும்

1937 ஏப்ரல் 26 அன்று பாஸ்க் மக்களின் பாரம்பரிய நகரமான கெர்னிகா மீது குண்டுகள் விழுந்தன. ஜூன் மாதத்தில் பில்பாவோவும் தளபதி பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டில் பாஸ்க் வீரர்கள் 'எவுஸ்கதி' என்ற பெயரில் ஓர் அணியாகத் திரண்டு, தங்கள் மக்களுக்கு நிதியும் ஆதரவும் திரட்ட வெளிநாடுகளுக்குப் புறப்பட்டார்கள். அத்லெட்டிக் வீரர்கள் பலர் அதில் இருந்தார்கள். பாரிஸ், சோவியத் யூனியன் என்று சுற்றிய அணி அட்லாண்டிக்கைக் கடந்து மெக்சிகோ போய், 1938-39 மெக்சிகோ லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. அவர்களில் பலர் பிறகு லத்தீன் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள்.

போரில் வென்ற பிராங்கோவின் ஆட்சி, பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. அயல்மொழிப் பெயர்களுக்குத் தடை வந்ததும் 1941-ல் அத்லெட்டிக் கிளப், 'அத்லெட்டிகோ தே பில்பாவோ' ஆனது. பழைய பெயர் திரும்ப முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சிதைந்துபோன அணியை மறுபடி கட்டியவர்கள் ஐந்து முன்னணி ஆட்டக்காரர்கள்: இரியோண்டோ, வெனான்சியோ, சாரா, பனிசோ, கைன்சா. பில்பாவோவின் பழைய ரசிகர் குடும்பங்களில் இந்த ஐந்து பெயர்களும் ஒரே மூச்சில் சொல்லப்படும். இரியோண்டோ, கெர்னிகாவில் பிறந்து அந்தக் குண்டுவீச்சில் உயிர்தப்பியவர். இடது ஓரத்தில் ஆடிய கைன்சா 1947-ல் செல்டா அணிக்கு எதிரான ஒரே கோப்பை ஆட்டத்தில் எட்டு கோல் அடித்தார்.

நடுவில் நின்றவர் டெல்மோ சாரா. ஆறு பருவங்களில் லீக்கின் அதிக கோல் அடித்தவர். 1950-51 பருவத்தில் 30 ஆட்டங்களில் அவர் அடித்த 38 கோல் என்ற சாதனை அறுபது ஆண்டுகள் நின்றது. 2011-ல் கிறிஸ்டியானோ ரொனால்டோதான் அதைத் தாண்டினார். லீக்கில் அவர் மொத்தம் அடித்த 251 கோல்களைக் கடக்க 2014 நவம்பரில் மெஸ்ஸி வர வேண்டியிருந்தது. 1950 உலகக் கோப்பையில் மரகானா மைதானத்தில் இங்கிலாந்தை வெளியேற்றிய ஒரே கோலும் அவருடையதுதான்.

சாராவை ஊர் கொண்டாடியதற்குக் கோல்கள் மட்டும் காரணமல்ல. மலாகா அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் எதிரணிக் கோல்கீப்பர் அடிபட்டு விழுந்து கிடக்க, கோல் திறந்திருந்தது. சாரா பந்தை வெளியே அடித்துவிட்டார். அதற்காக மலாகா கிளப்பே அவரைக் கௌரவித்தது.

1956-ல் மீண்டும் லீக் பட்டம். தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையில், நாட்டில் புரட்சி வெடித்து ஊர் திரும்ப முடியாமல் தவித்த ஹங்கேரியின் ஹோன்வேத் அணியை அத்லெட்டிக் வென்றது. அடுத்த சுற்றில், பனி கொட்டிய சான் மாமேஸில் மான்செஸ்டர் யுனைடெட்டை 5-3 என்று வீழ்த்தியும், இங்கிலாந்தில் 3-0 என்று தோற்று வெளியேறியது. 1958 கோப்பை இறுதியில் டி ஸ்டெஃபானோ ஆடிய ரியல் மாட்ரிட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 2-0 என்று சாய்த்தது. ஐரோப்பாவின் சாம்பியனாக இருந்த அணி அது. வென்ற அத்லெட்டிக் அணிக்குப் 'பதினோரு கிராமத்தான்கள்' என்ற பெயர் அன்று முதல் நிலைத்தது.

இரிபாரும் ஒரு கொடியும்

சரவுத்ஸ் என்ற கடலோர ஊரில் பிறந்த ஹோசே ஆங்கெல் இரிபார், 1962 முதல் 1980 வரை அத்லெட்டிக்கின் கோல்கீப்பர். எப்போதும் கறுப்பு உடை; நெட்டை நெடு உருவம். நெடுமரமான பாப்லரின் பெயரால் அவரை அழைத்தார்கள். 1964-ல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை வென்ற ஸ்பெயின் அணியின் கோல்கீப்பரும் அவரே. அத்லெட்டிக்குக்காக அவர் ஆடிய 614 ஆட்டங்கள் என்ற எண்ணை இன்னும் யாரும் தொடவில்லை.

ஆனாலும் அவருடைய வாழ்வின் பெரிய தருணம் ஆட்டம் தொடங்கும் முன்பே நடந்தது. 1976 டிசம்பர் 5, சான் செபாஸ்தியானின் அதோச்சா மைதானம். பிராங்கோ இறந்து ஓராண்டு கடந்திருந்தும் பாஸ்க் கொடியான இக்குரின்யாவுக்குத் தடை நீங்கவில்லை. ரியல் சோசியேதாத் கேப்டன் இனாசியோ கோர்தபாரியாவும் இரிபாரும் அந்தக் கொடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி மைதானத்துக்குள் வந்தார்கள். எதிரெதிராக ஆட வேண்டிய இரு கேப்டன்கள் சேர்ந்து செய்த காரியம் அது. சில வாரங்களில், 1977 ஜனவரியில், கொடிக்குச் சட்ட அனுமதி கிடைத்தது. அந்த ஆட்டத்தில் அத்லெட்டிக் 5-0 என்று தோற்றது. அந்தத் தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படகு ஊர்வலம்

1980-களின் தொடக்கத்தில் ஸ்பானியக் கால்பந்து பாஸ்க் கைக்குப் போனது. 1981-லும் 1982-லும் ரியல் சோசியேதாத் பட்டம் வென்றது. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஹாவியர் கிளெமென்தே என்ற இளம் பயிற்சியாளரின் கீழ் அத்லெட்டிக் வென்றது. அணியில் சுபிசரெத்தா, கொய்கோயெச்சியா, தானி, சராபியா, அர்கோத்தே. 1984-ல் லீக்கோடு கோப்பையும் கிடைத்தது; எந்திகாவின் ஒரே கோலில் மரடோனாவின் பார்சிலோனா வீழ்ந்தது. அந்த இறுதியாட்டம் கைகலப்பில் முடிந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு முந்தைய செப்டம்பரில் கொய்கோயெச்சியா போட்ட முரட்டு டேக்கிளில் மரடோனாவின் கணுக்கால் முறிந்திருந்தது. சிங்கங்களின் வரலாற்றில் இதுவும் ஒரு பக்கம்.

வெற்றி பெற்ற அணியைச் சரக்குப் படகில் ஏற்றி நெர்வியோன் ஆற்று முகத்துவாரம் வழியே ஊருக்குள் அழைத்து வந்தார்கள். கரையின் இருபுறமும் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். கபாரா என்று அவர்கள் சொல்லும் அந்தப் படகு மறுபடி அணியை ஏற்றிக்கொண்டு புறப்பட 40 ஆண்டுகள் ஆயின.

கட்டுப்பாட்டின் விலை

வீரர்கள் அணி மாறுவதை எளிதாக்கி 1995-ல் வந்த போஸ்மான் தீர்ப்பு ஐரோப்பியக் கால்பந்தின் கதவுகளை அகலத் திறந்தது. பணமுள்ள அணிகள் கண்டம் முழுவதிலிருந்தும் ஆள் சேர்த்தன. அத்லெட்டிக்கின் வட்டமோ அப்படியே இருந்தது. 1998-ல் நூற்றாண்டு விழாவோடு இரண்டாம் இடம் கிடைத்தாலும், 2007-ல் கடைசி நாள் ஆட்டத்தில்தான் இறக்கத்திலிருந்து தப்பியது. 2012-ல் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சாவின் அணி மான்செஸ்டர் யுனைடெட்டை இரண்டு ஆட்டங்களிலும் வென்று யூரோப்பா லீக் இறுதிக்குப் போய், அத்லெட்டிகோ மாட்ரிட்டிடம் தோற்றது. 2009 முதல் 2021 வரை ஐந்து கோப்பை இறுதிகளில் தோல்வி. அதில் இரண்டு, 2021 ஏப்ரல் மாதம் ஒன்றிலேயே வந்தவை.

பொருளாதாரச் சிக்கலும் உண்டு. அத்லெட்டிக் வாங்கக்கூடிய வீரர்கள் கொஞ்சம் பேர் என்பது விற்பவர்களுக்குத் தெரியும். விலையை ஏற்றிச் சொல்வார்கள். அக்கம்பக்கத்துச் சிறு அணிகளிலிருந்து இளம் வீரர்களைக் கொண்டுபோகிறது என்ற மனக்குறையும் நெடுநாளாக இருக்கிறது. 1995-ல் 17 வயது ஹோசேபா எச்செபெரியாவை 55 கோடி பெசேட்டா கொடுத்து அழைத்துக்கொண்டபோது ரியல் சோசியேதாதோடு உறவே முறிந்தது. அந்த ரியல் சோசியேதாத், 1989-ல் வெளிநாட்டு வீரர் ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கி, தன்னுடைய பாஸ்க் மட்டும் என்ற வழக்கத்தைக் கைவிட்டிருந்தது. எச்செபெரியாவோ தன் கடைசிப் பருவமான 2009-10 முழுவதும் சம்பளம் வாங்காமல் அத்லெட்டிக்குக்கு ஆடிக்கொடுத்தார்.

இந்த முறைக்கு உயிர்நாடி, 1971-ல் திறக்கப்பட்ட லெசாமா பயிற்சி மையம். தன் வீரர்களை ஒப்பந்தத்தில் குறித்த முழுத்தொகை வந்தால் ஒழியக் கிளப் விற்பதில்லை. ஹாவி மார்த்தினெஸ் 4 கோடி யூரோவுக்கு பயர்ன் மியூனிக் போனார். எமெரிக் லப்போர்ட் 6.5 கோடிக்கு மான்செஸ்டர் சிட்டி போனார். கேபா அரிசபலாகா 2018-ல் 8 கோடிக்கு செல்சீ போனார். ஒரு கோல்கீப்பருக்கு உலகம் அதுவரை கொடுக்காத விலை அது. கிளப்பின் உரிமையும் உறுப்பினர்களிடமே இருக்கிறது. தொழில்முறை அணிகளை நிறுவனங்களாக்கிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அப்படி நீடித்தவை அத்லெட்டிக்கோடு ரியல் மாட்ரிட், பார்சிலோனா, ஒசாசுனா ஆகிய நான்கே. தலைவரை உறுப்பினர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வழக்கத்தைக் கைவிட அவர்கள் சம்மதிக்கவில்லை என்பதே அது இன்றும் நிலைத்திருப்பதற்கு முதற்காரணம்.

நம்மவர் என்பவர் யார்?

இந்த வழக்கத்தின்மேல் வைக்கப்படும் கடுமையான குற்றச்சாட்டு, அது மற்றவர்களை ஒதுக்குகிறது என்பது. அதற்குச் சான்றாக மிகெல் ஜோன்ஸைச் சொல்லலாம். ஸ்பெயினின் ஆப்பிரிக்கக் காலனியாக இருந்த ஃபெர்னாண்டோ போ தீவில் 1938-ல் பிறந்தவர். சிறுவனாகவே பில்பாவோ வந்து அங்கேயே வளர்ந்தவர். 1950-களில் அத்லெட்டிக்கின் பயிற்சியாளராக இருந்த தவுச்சிக்குக்கு அவர் ஆட்டம் பிடித்திருந்தது. பிறந்த இடம் வேறு என்ற காரணத்தால் கிளப் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜோன்ஸ் அத்லெட்டிகோ மாட்ரிட் போய், 1962 ஐரோப்பியக் கோப்பை வெற்றியாளர்களுக்கான தொடரின் இறுதியில் கோல் அடித்தார். அத்லெட்டிக் இழந்தது ஒரு நல்ல வீரரை மட்டுமல்ல. தன் தெருக்களில் வளர்ந்த ஒரு பையனை.

காலப்போக்கில் எல்லை நகர்ந்தது. பிறப்போடு வளர்ப்பும் கணக்கில் சேர்ந்தது. பிரேசிலில் பிறந்த கோல்கீப்பர் பியுருன், வெனிசுவேலாவில் பிறந்த அமோரெபியெதா ஆகியோர் இங்கே வளர்ந்ததால் ஆடினார்கள். 1996-ல் பிஷெந்தே லிசராசு வந்தபோது பிரான்சு பக்கத்து பாஸ்க் நிலமும் வட்டத்துக்குள் வந்தது. 2011-ல் ஜோனாஸ் ரமல்யோ அணியின் முதல் கறுப்பின வீரரானார்.

பிறகு வந்தார் இன்யாகி வில்லியம்ஸ். கானாவிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து, மெலிய்யா எல்லை வேலியைத் தாண்டி வந்த பெற்றோருக்கு 1994-ல் பில்பாவோவில் பிறந்தவர். தங்களுக்கு உதவிய பாதிரியாரின் பெயரைத்தான் பெற்றோர் அவருக்கு வைத்தார்கள். 2016 முதல் 2023 வரை இடைவிடாமல் 251 லீக் ஆட்டங்களில் ஆடி ஸ்பெயினில் புதிய சாதனை படைத்தார். தம்பி நிகோ 2002-ல் பம்ப்லோனாவில் பிறந்தவர். அண்ணன் கானாவுக்காகவும் தம்பி ஸ்பெயினுக்காகவும் ஆடுகிறார்கள். யூரோ 2024 இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் கோல் அடித்தவர் நிகோ. பெரிய அணிகள் அவரைத் துரத்தியும் 2025 ஜூலையில் அத்லெட்டிக்கோடு 2035 வரை ஒப்பந்தத்தை நீட்டித்தார்.

ஜோன்ஸுக்கு மூடிய கதவு வில்லியம்ஸ் சகோதரர்களுக்குத் திறந்தது என்பதுதான் இந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே முக்கியமான மாற்றம். இரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த வழக்கம் இந்நேரம் செத்திருக்கும். மண்ணையும் வளர்ப்பையும் பார்க்கக் கற்றுக்கொண்டதால் பிழைத்தது.

2024 ஏப்ரல் 6 அன்று செவிய்யாவில் மயோர்க்காவைப் பெனால்டியில் 4-2 என்று வென்று அத்லெட்டிக் மீண்டும் கோப்பையைக் கையில் எடுத்தது. பயிற்சியாளர் எர்னெஸ்தோ பால்பெர்தே, ஒரு காலத்தில் இதே அணிக்கு ஆடியவர். கடைசிப் பெனால்டியை அடித்தவர் நவார்ராவில் பிறந்த பெரெங்கெர். ஐந்து நாள் கழித்து கபாரா புறப்பட்டது. அடுத்த பருவத்தில் லீக்கில் நான்காம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக்குக்கும் தகுதி பெற்றது.

பெண்கள் அணியைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. 2002-ல் தொடங்கிய அந்த அணியும் அதே எல்லைக்குள் நின்று ஐந்து லீக் பட்டங்களை வென்றிருக்கிறது. 2019 ஜனவரியில் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு எதிராக அது ஆடிய கோப்பை ஆட்டத்தைக் காணச் சான் மாமேஸுக்கு 48,121 பேர் வந்தார்கள்.

கோப்பைகளை மட்டும் எண்ணினால் அத்லெட்டிக் தன்னைத்தானே குறுக்கிக்கொண்டது என்று சொல்லலாம். 1984-க்குப் பிறகு லீக் பட்டம் இல்லை, மாட்ரிட்டும் பார்சிலோனாவும் எட்டாத தூரத்தில் இருக்கின்றன. ஆனால் பணத்தால் மட்டுமே இயங்கும் இன்றைய ஐரோப்பியக் கால்பந்தில், தன் ஊர்ப் பிள்ளைகளை மட்டுமே நம்பி ஓர் அணி முதல் டிவிஷனில் தொடர்ந்து நிற்க முடியும் என்பதை 1929 முதல் ஒவ்வொரு பருவமும் அது நிரூபித்துவருகிறது. ஒருமுறைகூட இறங்காத அணிகளின் பட்டியலில் இருக்கும் மற்ற இரு அணிகளிடமும் இல்லாத சாதனை இது.